இழுத்தால் முழுதும் வருமா?

1980-களின் தொடக்கத்தில், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ‘பார்க்’ ஆய்வுக்கூடத்தில் ஒரு வீடியோ எடுத்தார்கள். ஒரு பெரிய ஜெராக்ஸ் மெஷின், அதன் முன்னால் இரண்டு பேர். கையில் இருக்கும் கட்டுரையைத் தாளின் இரு பக்கமும் வருகிற மாதிரி நகல் எடுக்க வேண்டும், வேலை அவ்வளவுதான். மெஷின் திரையில் குறிப்பு வருகிறது. இருவரும் படிக்கிறார்கள், கூடிப் பேசுகிறார்கள், எதையோ அழுத்துகிறார்கள், வேறு எதுவோ நடக்கிறது. மறுபடியும் முதலிலிருந்து. பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும் என்று அந்த மெஷினுக்கு விளம்பரம் வேறு செய்திருந்தார்கள்.

இருவரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவர் ரான் காப்லான், கணினி மொழியியலில் பெரிய பெயர். இன்னொருவர் ஆலன் நியூவெல். செயற்கை நுண்ணறிவின் ஆதி நிரல்களில் ஒன்றை 1956-இல் எழுதியவர்களில் ஒருவர். 1975-இல் ஹெர்பர்ட் சைமனோடு சேர்ந்து டூரிங் விருது வாங்கியவர். ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மொரான் இருவரோடும் சேர்ந்து, கணினியின் முன் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு செயலுக்கும் எத்தனை நொடி எடுத்துக்கொள்கிறார் என்று அளந்து மாதிரி உருவாக்கியவரும் அவரே. அந்தக் கணக்கில், அடுத்து என்ன செய்யலாம் என்று மனம் யோசிக்க ஆகும் நேரம் 1.35 நொடி. வீடியோவில் அவர் யோசித்த நேரம் அந்தக் கணக்கில் அடங்கவில்லை.

வீடியோவை எடுத்தவர் லூசி ஸூக்மன். பெர்க்லியில் மானுடவியல் படித்துக்கொண்டிருந்த ஆய்வு மாணவி. மானுடவியல் மாணவிக்கு நகல் எடுக்கும் மெஷின் பக்கத்தில் என்ன வேலை என்ற கேள்வி அப்போது இயல்பானதுதான். அந்த ஆய்வு 1987-இல் புத்தகமானது. அதில் வீடியோவை எழுத்தாக்கிய விதத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்தை நெடுக்காக நான்காகப் பிரித்தார். முதல் கட்டத்தில், அந்த இருவரும் செய்ததில், பேசியதில், மெஷினுக்கு எட்டாதவை. இரண்டாவதில், மெஷினுக்கு எட்டியவை: பொத்தான் அழுத்தியது போன்றவை. மூன்றாவதில், மெஷின் அவர்களுக்குக் காட்டியது. நான்காவதில், அப்படிக் காட்டும்படி வடிவமைத்தவர் வைத்திருந்த காரணம். முதல் கட்டம் பேச்சும் சந்தேகமுமாக நிரம்பி வழிகிறது. இரண்டாவதில் ஆங்காங்கே ஒரு வரிதான். மனிதர்கள் “இது முன்னாடி சொன்ன அதே குறிப்பா, புதுசா?” என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது மெஷினுக்கு அதில் ஒரு துளியும் தெரியாது. தன் திட்டத்தில் அடுத்த படிக்கு அவர்கள் வந்துவிட்டார்கள் என்றே அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

இந்த ஒரு பக்கம் எந்தத் துறையைச் சேர்ந்தது? முதல் கட்டத்தைப் படிக்க உரையாடலை ஆராயும் சமூகவியல் வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் பொறியாளர் பேட்டை. நான்காவதில் ஒளிந்திருப்பது தத்துவம்: மனிதன் முதலில் திட்டம் போடுகிறான், பிறகு அதை நிறைவேற்றுகிறான் என்ற நம்பிக்கை. ஸூக்மன் தாக்கியது அந்த நம்பிக்கையை. திட்டம் என்பது செயலை நடத்தும் கட்டளை இல்லை; போகிற போக்கில் மனிதன் சாய்ந்துகொள்ளும் பல ஆதாரங்களில் ஒன்று என்றார். அடி வாங்கியது நியூவெல் மாதிரியானவர்கள் முப்பது வருடமாகக் கட்டிய கோட்டை. மானுடவியலைக் கொண்டுவந்து கணினியியலின் பக்கத்தில் அலங்காரமாக வைக்கவில்லை அவர். ஒன்றை இழுத்தார், இன்னொன்று ஆடியது.

இழுத்தால் என்ன வரும் என்பது பழைய கேள்வி. உறுப்புகள் சேரும்போது கிடைப்பது வெறும் கூட்டமா, புதிதாக ஒரு பொருளா என்று நியாயவாதிகளும் பௌத்தர்களும் நூற்றாண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். சக்கரம், அச்சு, நுகம் எல்லாம் சேர்ந்திருப்பதற்கு நாம் வைத்த பெயர்தான் ரதம், அதற்கு மேல் ரதம் என்று தனியாக எதுவும் கிடையாது என்பது மிலிந்த மன்னனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் காட்டிய வழி. நியாயத்தார் ஒப்பவில்லை. உறுப்புகளுக்கு மேற்பட்டு முழுமை என்று ஒன்று உண்டு, அது அவயவி என்றார்கள். நியாய சூத்திரம் அதற்குத் தரும் சான்றுகளில் ஒன்று ரசமானது. ஒரு மூலையைப் பிடித்தால் முழுதும் பிடிபடுகிறது, இழுத்தால் முழுதும் வருகிறது. வெறும் குவியல் என்றால் கையில் பிடித்தது மட்டும்தானே வரும்? உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் சொந்தக் கட்சியின் சூத்திரம் என்றும் பார்க்காமல் இங்கே ஒரு முட்டுக்கட்டை போட்டார். சேர்ந்து வருவதற்குக் காரணம் ஒட்டுதலாகவும் இருக்கலாமே! சுடாத குடத்தில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது தண்ணீர். சுட்ட குடத்தில் நெருப்பு.

பல்கலைக்கழகங்கள் துறைகளைச் சேர்த்து, மனிதரும் கருவியும் பழகும் விதத்தை வடிவமைக்கும் இன்டராக்‌ஷன் டிசைன் கற்பிக்கக் கிளம்பியபோது இந்த வழக்குதான் வேறு உடையில் வந்தது. உளவியலில் இரண்டு பேப்பர், கணினியில் மூன்று, டிசைன் ஸ்டூடியோ ஒன்று, தத்துவத்தில் ஒன்று. கிரெடிட் கூட்டினால் பட்டம் வந்துவிடும். அந்தப் பட்டத்துக்குள் ஒரு படிப்பு இருக்கிறதா?

ஸ்டான்ஃபோர்டு 1986-இல் ‘சிம்பாலிக் சிஸ்டம்ஸ்’ என்ற பட்டப்படிப்பைத் தொடங்கியது. கணினியியல், மொழியியல், தத்துவம், உளவியல் என்ற நான்கு துறைகளின் பாடங்களைக் கோத்தது; மாணவர்கள் ‘சிம்சிஸ்’ என்று சுருக்கிக்கொண்டார்கள். மனிதர்-கணினி உறவை அதில் சிறப்புப் பிரிவாக எடுக்கலாம். தர்க்கத்தையும் நிரலாக்கத்தையும் அறிதல் உளவியலையும் ஒரே ஆள் படித்தாக வேண்டும். லிங்க்ட்இன்னைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரீட் ஹாஃப்மன், கூகுளின் தேடல் பக்கத்தைப் பல ஆண்டுகள் கட்டிக்காத்த மரிஸா மேயர், முதல் ஐஃபோனின் மென்பொருளுக்குத் தலைமை தாங்கிய ஸ்காட் ஃபோர்ஸ்டால், இன்ஸ்டாகிராமின் மைக் கிரீகர் எல்லாரும் சிம்சிஸ் ஆட்கள். இன்று உலகம் விரல் வைக்கிற இடங்களில் பாதிக்கு ஜாதகம் எழுதியது அந்தப் படிப்பு என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். ஸ்டான்ஃபோர்டில் எதைப் படித்தவரும் பக்கத்து ஊரில் கம்பெனி தொடங்குவார். இந்தப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு பாடத்திட்டத்துக்கு மாலை போட முடியாது.

சேர்க்கையில் உண்மையிலேயே நெருப்பு பட்ட இடத்தைப் பார்க்க, கால அட்டவணையை விட்டு வெளியே வர வேண்டும். டெரி வினோகிராட் எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்தபோது, 1970 வாக்கில், ‘ஷ்ருட்லு’ என்றொரு நிரல் எழுதினார். திரையில் கட்டைகளும் கூம்புகளும் இருக்கும். சிவப்புக் கட்டையை எடு, அதைப் பச்சைக் கட்டையின் மேல் வை என்று இயல்பான ஆங்கிலத்தில் சொன்னால் செய்யும். ஏன் செய்தாய் என்று கேட்டால் பதிலும் சொல்லும். இன்னும் கொஞ்சம் உலகத்தைச் சேர்த்தால் மொழி முழுதும் வசப்பட்டுவிடும் என்று பலர் நம்பினார்கள். வினோகிராடுக்கே அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. 1973-இல் ஸ்டான்ஃபோர்டு வந்தவர், பெர்க்லியின் ஹியூபர்ட் டிரைஃபஸ், ஜான் சேர்ல் என்ற இரு தத்துவப் பேராசிரியர்களோடு விவாதிக்கத் தொடங்கினார். டிரைஃபஸ், செயற்கை நுண்ணறிவு ஆட்களுக்கு ஆகவே ஆகாதவர். அந்தத் துறையை ரசவாதத்தோடு ஒப்பிட்டு 1965-இல் அறிக்கை எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவர் கையில் இருந்த புத்தகம் ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கருடையது. சில ஆண்டுகளில் வினோகிராட் கணினி மாணவர்களுக்கு ஹைடெக்கர் நடத்தத் தொடங்கினார். கணினித் துறை வகுப்பில், நிரல் எழுத வந்த பிள்ளைகளுக்கு!

ஸூக்மன், வினோகிராட் வரிசையில் மூன்றாவது ஆள் ஃபெர்னாண்டோ ஃப்ளோரஸ். சிலியில் அயெந்தே ஆட்சியில் நிதியமைச்சராக இருந்தவர். அதற்கு முன், 1971-இல், பிரிட்டிஷ் சைபர்நெட்டிக்ஸ் அறிஞர் ஸ்டாஃபர்ட் பியரை வரவழைத்து ‘சைபர்சின்’ திட்டத்தைத் தொடங்கியவர். தேசிய உடைமையான ஆலைகளின் உற்பத்தி விவரங்களை டெலக்ஸ் வழியாக ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் திட்டம் அது. அதற்காகச் சாந்தியாகோவில் கட்டிய அறை அறுகோண வடிவம். நடுவில் ஏழு சுழல் நாற்காலிகள். கைப்பிடியில் பெரிய பொத்தான்கள். தட்டச்சுப் பலகை கிடையாது. தட்டச்சு தெரியாதவரும் கையை வீசித் தட்ட முடிய வேண்டும், நடுவில் ஒரு செக்ரட்டரி உட்காரக் கூடாது என்பது எண்ணம். அறையை வடிவமைத்த குழுவின் தலைவர் குய் போன்சீப்பே, ஜெர்மனியின் உல்ம் டிசைன் பள்ளியில் உருவானவர். இன்டராக்‌ஷன் டிசைன் என்ற பெயர் புழக்கத்துக்கு வரும் முன்பே அந்த ஏழு நாற்காலியில் அது உட்கார்ந்திருந்தது. 1973 செப்டம்பர் 11 ராணுவப் புரட்சியோடு எல்லாம் முடிந்தது. ஃப்ளோரஸ் மூன்று ஆண்டு சிறையில் இருந்தார். 1976-இல் ஆம்னஸ்டி இன்டர்நேஷனலின் முயற்சியும் சேர்ந்து விடுதலை கிடைத்து, கலிஃபோர்னியா வந்து சேர்ந்தார்.

வினோகிராடும் அவரும் சேர்ந்து 1986-இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். சிம்சிஸ் தொடங்கிய அதே ஆண்டு. கணினியை மனித மூளையின் நகலாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, மனிதர்கள் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுப்பதும் கேட்பதும் நிறைவேற்றுவதும் நடக்கும் வெளியில் ஒரு கருவியாகப் பாருங்கள் என்பது அதன் வாதம். ஹைடெக்கரின் சுத்தியல் அதற்கு அச்சாணி. ஆணி அடிப்பவர் சுத்தியலைப் பார்ப்பதில்லை. ஆணியைக்கூட அதிகம் பார்ப்பதில்லை. அவர் கவனம் கட்டிக்கொண்டிருக்கும் பொருளில் இருக்கிறது. பிடி கழன்றால்தான் சுத்தியல் என்று ஒன்று எதிரே வந்து நிற்கிறது. 1927-இல் எழுதப்பட்ட இந்த வர்ணனையைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தபோது வடிவமைப்பவருக்குப் புது வேலை வந்தது: கருவி எங்கே, எப்போது கழலும், கழன்றால் மனிதர் எப்படிச் சமாளிப்பார் என்பதை முன்கூட்டியே யோசிப்பது. தத்துவ வகுப்பில் வெறும் உதாரணமாக இருந்தது டிசைன் வகுப்பில் வீட்டுப்பாடமானது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃப்ளோரஸும் வினோகிராடும் அந்தத் தத்துவத்திலிருந்து ஒரு மென்பொருளும் உருவாக்கினார்கள். பெயர் ‘கோஆர்டினேட்டர்’. மின்னஞ்சல் அனுப்புமுன், இது வேண்டுகோளா, வாக்குறுதியா, தானாக முன்வருவதா என்று அனுப்புகிறவர் வகைப்படுத்த வேண்டும்; சேர்லின் பேச்சுச்செயல் கோட்பாடு அப்படியே திரையில் ஏறியது. “நாளைக்கு வர முடியுமா?” என்பது வேண்டுகோளா, விசாரிப்பா, மேலதிகாரி கேட்டால் ஆணையா? அலுவலகத்தில் இதையெல்லாம் தெளிவில்லாமல் விட்டுவைப்பதில்தான் பல பேருடைய நிம்மதியே இருக்கிறது. பலருக்கு மென்பொருள் கசந்தது. 1994-இல் ஸூக்மன் ஒரு கட்டுரையில் நேராகவே கேட்டார்: பேச்சை இப்படிப் பெட்டியில் போடுவது யாருக்கு வசதி, கண்காணிக்கிறவருக்கா, பேசுகிறவருக்கா? வினோகிராட் அதே ஆய்விதழில் பதில் எழுதினார். பெரிய குழுக்கள் வேலை செய்ய ஏதோ ஒரு ஒழுங்கு தேவைப்படுகிறது என்பது அவர் பக்கம். மானுடவியலும் கணினியியலும் தத்துவமும் ஒரு மின்னஞ்சல் பெட்டியை நடுவில் வைத்து அடித்துக்கொண்ட அந்தச் சண்டையை இன்றைக்கும் பாடமாக வைக்கலாம். துறைகள் கலப்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் தேடினால் கிடைப்பது கஷ்டம். அங்கே யாரும் கலக்க முயலவில்லை. ஒரே பொருளைப் பற்றி ஒத்துப்போக முடியாமல் நின்றார்கள்.

இப்போது அடுத்த காட்சி. 2014-இல் ஸ்டான்ஃபோர்டு ‘சிஎஸ் பிளஸ் எக்ஸ்’ என்ற கூட்டுப் பட்டத்தை அறிவித்தது. முதலில் கணினியியலோடு ஆங்கிலம் அல்லது இசை; பிறகு வேறு மானுடத் துறைகளும் சேர்ந்தன. கேட்கும்போதே வாயூறும் ஏற்பாடு. பத்தாண்டுகூடத் தாங்கவில்லை, ஐந்தாறு ஆண்டுகளில் அதை முடித்துக்கொண்டார்கள். மாணவர் இரண்டு துறைகளின் பாரத்தையும் சுமந்தார். இரண்டையும் இணைக்கும் வேலையும் கடைசியில் அவர் தலையில்தான் விழுந்தது. இசைப் பேராசிரியர் இசையை நடத்தினார், கணினிப் பேராசிரியர் கணினியை நடத்தினார். ஒரு பேப்பரை இழுத்தால் இன்னொன்று அசையவில்லை. வாத்ஸ்யாயனர் சொன்ன தண்ணீர் ஒட்டுதல் இது. கிரெடிட் காய்ந்ததும் மண் உதிர்ந்துவிட்டது.

டிசைன் பக்கத்திலிருந்து வந்தவர்கள் வேறு பசையைத் தேடினார்கள். கார்னகி மெலனில் டிசைன் பள்ளியின் தலைவராக இருந்த ரிச்சர்ட் புக்கனன், சிக்காகோவில் தத்துவமும் சொல்லாட்சிக் கலையும் பயின்றவர். ஒவ்வொரு பொருளும் ஒரு வாதம் என்பது அவர் கட்சி. நாற்காலி உன்னை ஒரு விதமாக உட்காரச் சொல்கிறது, திரை உன்னை ஒரு வழியில் நடக்கச் சொல்கிறது. ஆகவே டிசைனர் ஒரு பேச்சாளர். 1994-இல் அங்கே இன்டராக்‌ஷன் டிசைனில் முதுகலைப் படிப்பு தொடங்கியபோது அதன் வேரில் இந்தச் சிந்தனை இருந்தது. அழகான சிந்தனை. ஆபத்தும் அதற்குள்ளேயே இருக்கிறது. பேச்சாளரைப் பற்றிப் பிளேட்டோ ‘கோர்கியாஸ்’ உரையாடலில் எழுப்பிய குற்றச்சாட்டு அப்படியே டிசைனர் மேல் வந்து விழுகிறது: நாவுக்கு இனிப்பதைச் செய்யத் தெரிந்தவர், உடம்புக்கு நல்லதைத் தெரிந்தவர் ஆகிவிட முடியுமா?

ஸ்டான்ஃபோர்டில் பி.ஜே. ஃபாக் 1998-இல் தொடங்கிய ஆய்வுக்கூடம் இதைக் கோட்பாட்டிலிருந்து கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது. உளவியலையும் கணினியையும் சேர்த்து, மனிதரின் பழக்கத்தை மாற்றும் தொழில்நுட்பத்தை ஆராய்ந்தார். 2007-இல் ஃபேஸ்புக் செயலிகள் செய்யும் வகுப்பொன்றை நடத்தினார்கள். பத்து வாரத்தில் மாணவர்களின் செயலிகளை மொத்தம் 1 கோடியே 60 லட்சம் பேர் பயன்படுத்தினார்கள். எந்தப் பல்கலைக்கழக வகுப்பின் வீட்டுப்பாடமும் அவ்வளவு பேர் வீட்டுக்குள் போனதாகத் தெரியவில்லை. துறைகளை ஒட்டவைத்த பசை இங்கே கச்சிதமாகப் பிடித்தது. உளவியலை இழுத்தால் நிரல் வந்தது. இத்தனைக்கும், தன்னை எதற்கு இணங்கவைக்கத் தானே சம்மதிக்கமாட்டாரோ, அதற்கு மற்றவரை இணங்கவைக்கும் கருவியை ஒருவர் செய்யக் கூடாது என்ற விதியை 1999-லேயே அதே வட்டாரத்தின் கட்டுரை ஒன்று வைத்திருந்தது. விதி காகிதத்தில் இருந்தது. சேர்க்கை வெற்றி பெற்றால் போதும் என்று எண்ணுகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. அவயவி பிறந்துவிட்டால் அது நல்ல அவயவியா என்று கேட்க நியாய சூத்திரத்தில் வழியில்லை.

அரிஸ்டாட்டிலிடம் இருக்கிறது. ‘நிக்கோமாக்கிய அறவியல்’ ஆறாம் நூலில் அவர் பிரித்துக் காட்டும் அறிவு வகைகளில் மூன்று: மாறாததை அறிவது, ஒன்றைச் செய்து முடிக்கும் திறன், எது செய்யத் தக்கது என்று இடமறிந்து தீர்மானிக்கும் விவேகம். இளைஞர் கணிதத்தில் வல்லவராகலாம், விவேகி ஆவது அரிது என்கிறார். விவேகத்துக்கு அனுபவம் வேண்டும், அனுபவத்துக்குக் காலம் வேண்டும். இருபது வயது மாணவருக்கு மூன்றாவதை எத்தனை கிரெடிட்டில் கொடுப்பது? முதலிரண்டைத் துறைகள் கொடுத்துவிடும். மூன்றாவதுக்குத் துறை கிடையாது.

ஸூக்மனும் வினோகிராடும் ஃப்ளோரஸும் அந்த விவேகத்தைத் துறைக்கு வெளியே சம்பாதித்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது. ஒருவருக்கு ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடம், ஒருவருக்கு இன்னொரு பல்கலைக்கழகத்து நண்பர்களோடு விவாதம், ஒருவருக்குச் சிறை. இதையெல்லாம் பாடத்திட்டத்தில் ஏற்ற முடியாது; கடைசியதை ஏற்றவும் கூடாது. ஸூக்மன் பிற்பாடு இங்கிலாந்தின் லாங்காஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அவர் பதவி மானுடவியல் பேராசிரியர், அமர்ந்த இடம் சமூகவியல் துறை. அவரை எந்த அலமாரியில் வைப்பது என்ற குழப்பம் கடைசிவரை தீரவில்லை.

ஆனாலும் வகுப்பறைக்குள் சில முயற்சிகள் நடக்கின்றன. 2019-இல் ஸ்டான்ஃபோர்டில் கணினி அறிவியலர் மெஹ்ரான் சஹாமி, தத்துவப் பின்னணி கொண்ட ராப் ரைஷ், அரசியல் அறிவியலர் ஜெரமி வைன்ஸ்டீன் மூவரும் ஒரே வகுப்பை ஒன்றாக நடத்தினார்கள். மூன்று பேப்பராகப் பிரிக்கவில்லை. ஒரே மாணவர் நிரலும் எழுதினார், கொள்கைக் குறிப்பும் எழுதினார், தத்துவக் கட்டுரையும் எழுதினார். ஹார்வர்டில் 2017-இல் கணினி அறிவியலர் பார்பரா கிராஸ், தத்துவப் பேராசிரியர் அலிசன் சிம்மன்ஸ் இருவரும் தொடங்கிய ஏற்பாடு வேறு மாதிரி. தனி அறவியல் பேப்பர் வைக்காமல், ஏற்கெனவே நடக்கும் கணினி வகுப்புகளுக்குள் தத்துவத் துறை ஆட்களை அனுப்பினார்கள். மனிதர்-கணினி இடைமுகம் நடத்தும் வகுப்பில், பார்வையற்றவருக்கு இந்தத் திரை என்னவாக இருக்கும், வடிவமைப்பவருக்கு அவரிடம் என்ன கடமை என்பது மாதிரியான கேள்வி அன்றைய பாடத்தோடேயே வந்துவிடும்.

பருவம் முழுதிலும் ஓரிரு வகுப்பு என்பது சொற்பம். அதைத் தண்ணீர் ஒட்டுதல் என்று யாராவது சொன்னால் மறுப்பது சிரமம். ஆனால் இந்த ஏற்பாட்டில் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு பயன் உண்டு. வகுப்புக்குள் போகிற தத்துவ ஆய்வு மாணவர், தான் நடத்தப்போகும் பாடத்தை முதலில் கணினிப் பேராசிரியரிடம் உட்கார்ந்து புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தரவுகள் எப்படி அடுக்கப்படுகின்றன, அழித்ததாகச் சொல்லும் பதிவு உண்மையிலேயே எங்கே போகிறது என்று தெரியாமல் தனியுரிமை பற்றி அந்தப் பிள்ளைகளிடம் வாயைத் திறக்க முடியாது. முதல் வரிசைக்காரர் கையைத் தூக்கிவிடுவார். அந்த ஆய்வு மாணவர் தன் துறைக்குத் திரும்பும்போது, ‘அழித்தல்’ என்றால் என்ன, ‘சம்மதம்’ என்றால் என்ன என்று தத்துவ வகுப்பில் கேட்கும் கேள்விகள் சற்று இடம் மாறியிருக்கின்றன.